அவயக்கோழியா, தெர்மாகோல் பெட்டியா, கூட்டு மெஷினா? வீட்டில் முட்டை பொரிக்க எது சரிப்படும்

ஆறேழு பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருப்பவர், சேரும் முட்டையைக் குஞ்சாக்க நினைத்தால் இன்று அவருக்கு ஆறு வழிகள் உண்டு. அவயத்துக்கு, அதாவது அடைகாக்க, உட்கார்ந்த கோழிக்கு அடியில் வைக்கலாம். தெர்மாகோல் பெட்டியில் தானே இன்குபேட்டர் செய்துகொள்ளலாம். கடையில் தானியங்கி மெஷின் வாங்கலாம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பெரிய மெஷினாக ஒன்று வைக்கலாம். இதெல்லாம் வேண்டாம் என்றால் மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுக்கலாம், அல்லது ஒரு நாள் குஞ்சாகவே வாங்கி விடலாம்.

கோழி வளர்ப்பவர்கள் கூடினால் "எதில் பொரிப்பு அதிகம்?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பணம் வீணாகும் என்பது என் கருத்து. பொரிப்பு 21 நாளில் முடிகிற வேலை. இரண்டு மாதம் கழித்து எத்தனை குஞ்சு உயிரோடு மேய்கிறது, அந்தக் குஞ்சுகளுக்காகத் தாய்க்கோழி எத்தனை நாள் முட்டையிடாமல் இருந்தது, இந்த இரண்டையும் கணக்கில் சேர்த்தால் ஆறு வழிகளின் வரிசையே மாறிவிடும்.

முதலில் அவயக்கோழி. இதற்கு மின்சாரம் வேண்டாம், தெர்மாமீட்டர் வேண்டாம். கோழியின் உடல் சூடு 40 முதல் 41 டிகிரி. முட்டையை அதுவே நாளைக்குப் பலமுறை அலகால் புரட்டிவிடும். வெளியே கிடக்கும் முட்டையை நடுவுக்கும் நடுவில் இருப்பதை வெளியேயும் தள்ளும். தினம் ஒருமுறை கால் மணி நேரம் எழுந்து போய்த் தின்று, எச்சமிட்டுத் திரும்பும். சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடையில் நல்ல பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டையை ஒழுங்காக மூடும். அதில் ஒன்பது பத்து பொரிப்பது சாதாரணமாக நடப்பது. இந்த அளவைப் பிடிக்க வீட்டு மெஷின் வைத்திருப்பவர் நிறையப் பழக வேண்டும்.

கூடையில் உமியோ மணலோ பரப்பி, வைக்கோல் போட்டு, ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பு ஆணி, நாலு வரமிளகாய் சேர்த்து வைப்பது ஊர் வழக்கம். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க என்பார்கள். அந்த ஆணி என்ன செய்யும் என்று எனக்குப் புரிந்ததில்லை, ஆனால் எடுத்தெறியச் சொல்லி ஆத்தாக்களிடம் சண்டை போடும் அளவுக்கு அது கெடுதலும் இல்லை. கூடையில் நிஜமாகக் கவனிக்க வேண்டியது செள், கோழி உடம்பில் ஏறும் பேன் போன்ற பூச்சி. கோழிச் செள் ஏறிவிட்டால் எவ்வளவு பொறுமைசாலிக் கோழியும் பாதியில் எழுந்துவிடும். வைக்கோலை வெயிலில் காயவைத்துப் போடுவதும், அடை வைப்பதற்கு முன் கோழிக்குச் செள் மருந்து பார்ப்பதும் ஆணியை விட முக்கியம்.

முட்டை எல்லாவற்றையும் ஒரே இரவில் வைக்க வேண்டும், பென்சிலால் குறி போட்டுத்தான் வைக்க வேண்டும். பகலில் வேறு பெட்டை வந்து அதே கூடையில் முட்டையிட்டுப் போகும். குறி இருந்தால் புது முட்டையை அன்றைக்கே எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால், முதல் குஞ்சுகள் இறங்கியதும் தாய் எழுந்து போக, அரைகுறையாக வளர்ந்த கருக்கள் கூடையிலேயே குளிர்ந்து சாகும்.

சரி, குறை என்ன? கோழியின் காலம்தான். நாட்டுப் பெட்டை பன்னிரண்டு பதினைந்து முட்டையிட்டுவிட்டு அவயத்துக்கு உட்காரும். மூன்று வாரம் அடை, அப்புறம் குஞ்சோடு இரண்டு மாதம் சுற்றும். ஏறத்தாழ மூன்று மாதம் முட்டை கிடையாது. வருடத்துக்கு மூன்று ஈடு, அதாவது மூன்று சுற்று, வந்தால் பெரிய விஷயம். அதே கோழியின் அவயத்தைத் தெளியவைத்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். தெளியவைப்பதற்குத் தண்ணீரில் முக்கும் பழக்கம் இருக்கிறது. அதைவிட அடியில் காற்று போகும் கம்பிக் கூண்டில் மூன்று நான்கு நாள் தீனி தண்ணீரோடு விடுவது நல்லது. வயிற்றுச் சூடு தணிந்தாலே எண்ணம் மாறிவிடும்.

எல்லா இனமும் அடைக்கு ஒத்துவராது. கடக்நாத் கருங்கோழி அடையில் உட்காருவதில் மோசம். பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வழி முட்டைக்கோழிகளுக்கு அந்தக் குணமே தேர்வில் கழிந்து போய்விட்டது. பெருவிடைப் பெட்டைகள் நன்றாக உட்காரும், ஆனால் உடல் எடையும் கால் முள்ளும் முட்டையை உடைக்கும். அதனால்தான் பெருவிடை வளர்ப்பவர்கள் பலர் அவற்றின் முட்டையை வைக்கவென்றே இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை வளர்க்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு முட்டை சேர்ந்திருக்கும் வாரத்தில் எந்தக் கோழியும் உட்காராது. நாம் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் மூன்றும் சேர்ந்து உட்காரும்.

இனி பெட்டிக்கு வருவோம். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, இரண்டு குண்டு பல்பு, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய சின்ன ஃபேன், ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட், ஈரப்பதமானி, தண்ணீர்க் கிண்ணம். ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்க்குள் முப்பது நாற்பது முட்டைக்கு ஒரு பெட்டி தயாராகும். தெர்மோஸ்டாட்டில் எஸ்டிசி-1000, டபிள்யூ1209 இரண்டும்தான் அதிகம் ஓடுகின்றன. முன்னது வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும். பின்னது 12 வோல்ட்டில் ஓடுவதால் அடாப்டர் வேண்டும், ஆனால் பேட்டரியோடு இணைக்க வசதி. பல்பை ஒன்றாகப் போடாமல் குறைந்த வாட்டில் இரண்டாகப் போடுவது நல்லது. ஒன்று பியூஸ் போனாலும் மற்றது முட்டையை விடியும் வரை காப்பாற்றும்.

இந்தப் பெட்டியில் ஃபேன் இருக்கிறதா இல்லையா என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஃபேன் ஓடினால் பெட்டி முழுக்க ஒரே சூடு, 37.5 டிகிரி வைத்தால் போதும். ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிர்ந்தும் இருக்கும். அதனால் முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் தெர்மாமீட்டரை வைத்து 38.3 முதல் 38.9 வரை பிடிக்க வேண்டும். ஒருவர் 37.5 என்று சொல்வதும் இன்னொருவர் 38.5 என்று சொல்வதும் இதனால்தான். இரண்டு பேரும் சரியாகவே சொல்கிறார்கள், பெட்டிதான் வேறு. எகிப்தில் மண் செங்கல் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைத் தெர்மாமீட்டரே இல்லாமல் பொரித்து வந்தார்கள். முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்தே சூட்டைக் கணித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அதே வேலையில் இருப்பவர்களுக்கு அது முடியும், நமக்கு ஃபேன் போடுவது சுலபம்.

மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் ஒரு டிகிரி வரை தவறாகக் காட்டுவது உண்டு. ஒரு டிகிரி என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. சூடு கூடினால் குஞ்சு 19, 20-ஆம் நாளிலேயே பலவீனமாக இறங்கும், குறைந்தால் 22, 23 வரை இழுத்துக்கொண்டு போகும். சரிபார்க்கக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போதும். நமக்கு வேண்டிய 37.5 அதன் அளவுகோலுக்கு நடுவிலேயே வருகிறது, அந்த இடத்தில் அது துல்லியமாகக் காட்டும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஈரப்பதமானிக்கு உப்புச் சோதனை. கல் உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரமாக்கி, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் அந்த மீட்டர் ஏழு குறைத்துச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டால் ஆயிற்று, தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. கடலோரத்திலும் டெல்டாவிலும் ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர்க் கிண்ணமே வைக்காமல் முதல் 18 நாளை ஓட்டலாம். கரூர், தர்மபுரி பக்கம் பங்குனியில் இரண்டு கிண்ணம் வைத்தாலும் மீட்டர் இறங்கும். பாதித் தப்பு இங்கேதான் நடக்கிறது. குஞ்சுக்குத் தண்ணீர் நல்லது என்று ஆரம்பத்திலேயே ஈரத்தை ஏற்றுவார்கள். முட்டை 18-ஆம் நாளுக்குள் தன் எடையில் 11 முதல் 14 சதவீதம் இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும், குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன் முதல் மூச்சை அங்கேதான் எடுக்கும். ஈரம் கூடினால் காற்றறை சிறுத்து, முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக்கிடக்கும். சமையல் தராசு வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை ஐந்தாறு முட்டையை எடைபோட்டுப் பார்த்தாலே விலை கூடிய மீட்டர் தேவைப்படாது.

புரட்டுவது அடுத்த வேலை. கையால் என்றால் நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படையாக இருந்தால் இரவு முழுக்க ஒரே பக்கம் கிடப்பது தினமும் மாறும். 18-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். வீட்டில் எப்போதும் யாராவது இருந்தால் இது சிரமமில்லை. கணவன் மனைவி இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்பும் வீட்டில், இந்த ஒரு வேலைக்காகவே தானியங்கி மெஷின் வாங்குவது நியாயம்.

கடையில் விற்கும் நாற்பது அறுபது முட்டை மெஷின்கள் ஏறத்தாழ ஐந்தாயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரம் வரை போகின்றன. மணிக்கொரு முறை தானாகப் புரட்டும், ஈரம், சூடு இரண்டையும் முகப்பில் காட்டும். வாங்கும்போது நான் பார்ப்பது மூன்றே விஷயம். சூடேற்றியும் சென்சாரும் உள்ளூரில் கிடைக்குமா? மூடியைத் திறக்காமல் தண்ணீர் ஊற்ற வழி இருக்கிறதா? 12 வோல்ட்டிலும் ஓடுமா? விளம்பரத்தில் போடும் முட்டை எண்ணிக்கையைப் பாதி நம்பலாம், தட்டு பெரும்பாலும் சின்ன முட்டைக்கு அளந்தது. "98 சதவீதப் பொரிப்பு" என்று எழுதியிருந்தால் அதை நான் படிப்பதே இல்லை. கரு கூடாத முட்டையை எந்த மெஷினாலும் பொரிக்க முடியாது. சேவல் வயதானதா, எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கு இருக்கிறதா என்பதில்தான் பாதிப் பொரிப்பு அடங்கியிருக்கிறது. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து வெறும் முட்டைகளைக் கழித்த பிறகு, மிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பொரித்தால் வீட்டு மெஷினுக்கு அது நல்ல பொரிப்பு என்பேன். கோழியோடு மெஷினை ஒப்பிடும்போதும் இப்படிக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மின்சாரம் பற்றி நிறையப் பேர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மதியம் இரண்டு வரை வராது, சில நாள் மாலைகூட ஆகும். முதல் இரண்டு வாரத்தில் நாலைந்து மணி நேரம் குளிர்ந்தால் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், பொரிப்பு சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பெட்டியைத் திறக்காமல் போர்வை போட்டு மூடிவைத்தால் போதும். கடைசி வாரத்தில் முட்டைக்குள் இருக்கும் குஞ்சே சூடு தரும். அப்போது மூச்சுத் திணறல்தான் ஆபத்து, காற்றுத் துளையை அடைத்துவிடக் கூடாது. குளிர் மெதுவாகத்தான் கெடுக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு பல்பு அணையாமல் எரிந்து 41, 42-க்கு ஏறினால் சில மணி நேரத்தில் மொத்தமும் போய்விடும். ஆகவே இன்வர்ட்டர் பற்றி யோசிப்பதற்கு முன்னால், முதல் தெர்மோஸ்டாட் பழுதானால், ஃபேன் உள்ள பெட்டியில் 38.5-இல் அணைக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை வரிசையில் போட்டுவிடுங்கள். அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். வீட்டில் ஏற்கனவே 150 ஆம்பியர் பேட்டரியோடு இன்வர்ட்டர் இருந்தால் சராசரி 40, 50 வாட் இழுக்கும் பெட்டியை அது பகல் முழுக்கத் தாங்கும்.

சித்திரை வைகாசியில் அறைச் சூடே 38, 39 தொட்டால் எந்தப் பெட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அதைவிடப் பெரிய நட்டம் அடைக்கு முன்பே நடந்திருக்கும். முட்டையை 15 முதல் 18 டிகிரியில் வைத்தால் ஒரு வாரம் கெடாது. வெயில் காலத்தில் அலமாரியில் 34 டிகிரியில் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஏழாம் நாள் டார்ச்சில் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் கதை, இல்லையென்றால் பெட்டியில் முதல் நாட்களின் சூடு கூடிப்போயிருக்கும். ஈர மணலில் பாதி புதைத்த மண்பானையில் கூர் முனை கீழே இருக்குமாறு வைப்பது, மூன்று நான்கு நாளுக்கு மேல் சேர்க்காமல் வைப்பது, இந்த இரண்டும் கோடையில் உதவும். என்னைக் கேட்டால் மெஷினுக்குத் தை மாசியைவிட நல்ல மாதம் இல்லை. கத்திரி வெயிலில் மெஷினை அணைத்துவிட்டு அவயக்கோழியை நிழலான இடத்தில் உட்காரவைப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது கூட்டு மெஷின். இது கேட்பதற்கு ரொம்ப நன்றாக இருக்கும். நாலு நண்பர்கள், ஆளுக்குப் பத்துப் பெட்டை, தனித்தனியாக நாலு சின்ன மெஷின் வாங்குவதற்குப் பதில் இருநூறு முந்நூறு முட்டைக்கு ஒன்று. பெரிய மெஷினில் சூடு சட்டென்று ஏறி இறங்காது, அதனால் பொரிப்பும் சீராக இருக்கும். ஆனால் இந்தக் கூட்டு எதனால் உடைகிறது என்று பார்த்தால், பணத் தகராறு அபூர்வம். ஒருவர் திங்கட்கிழமை இருபது முட்டை கொண்டுவருவார், இன்னொருவர் வியாழக்கிழமை பதினைந்து. மெஷினுக்குள் ஒரே நேரத்தில் மூன்றாம் நாள் கருவும் பதினெட்டாம் நாள் கருவும் இருக்கும். ஒன்றுக்கு ஈரம் 50 வேண்டும், மற்றதற்கு 70. ஒன்றைப் புரட்ட வேண்டும், மற்றதைத் தொடக் கூடாது. இடையில் ஒருவர் குஞ்சு இறங்கிவிட்டதா என்று நாளைக்குப் பத்துத் தடவை மூடியைத் திறப்பார், ஈரம் ஒவ்வொரு முறையும் சரியும், ஓட்டைக் கொத்திய குஞ்சுக்கு உள்சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைத் தீர்க்க வழி இரண்டு. கடைசி மூன்று நாளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி வைத்து, 18-ஆம் நாள் முட்டைகளை அதற்கு மாற்றலாம். பெரிய பொரிப்பகங்களில் செட்டர், ஹேச்சர் என்று தனித்தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான். அல்லது, எல்லாரும் ஒரே நாளில் வைப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. சனிக்கிழமை மாலை முட்டை வைத்தால் 21 நாள் கழித்துப் பொரிப்பும் சனிக்கிழமையே வரும். டார்ச் அடிக்கும் ஏழாம் நாளும் பதினாலாம் நாளும்கூடச் சனிக்கிழமைதான். புரட்டுவதை நிறுத்தி ஈரத்தை ஏற்றும் நாள் மட்டும் புதன்கிழமையில் விழும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. அந்த வாரம் சேர்ந்த முட்டையை மட்டும்தான் வைப்பது, பத்து நாள் பழைய முட்டையை எவ்வளவு வேண்டியவர் கொண்டுவந்தாலும் வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். பென்சிலில் பெயரும் தேதியும் எழுதாத முட்டைக்கு உள்ளே இடமில்லை. மார்க்கர் பேனா வேண்டாம், ஓட்டில் நுண்துளைகள் இருக்கின்றன.

நோய் பற்றி இந்தக் கூட்டுகளில் யாரும் பேசுவதில்லை, ஆனால் பேசியே ஆக வேண்டும். புல்லோரம், மைக்கோபிளாஸ்மா போன்ற நோய்க் கிருமிகள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். குஞ்சு இறங்கும்போது உதிரும் பஞ்சு போன்ற தூவி ஃபேன் காற்றில் மெஷின் முழுக்கப் பறக்கும். ஒருவர் வீட்டு நோய் அன்று நாலு வீட்டுக்குப் போகும். அடைக்கு முன் நீங்கள் எவ்வளவு சுத்தமான முட்டையாகத் தேர்ந்தாலும் இது முழுதாகத் தடைபடாது. எச்சம் படிந்த முட்டையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும், ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி போட்டு, வெயிலில் காயவைப்பதும் ஓரளவு காக்கும். பண்ணைகளில் பார்மலின் புகை போடுவதைப் பார்த்து வீட்டில் செய்யக் கூடாது, அந்தப் புகை மனிதருக்கும் விஷம். காசு கொடுத்து வாங்கிய அபூர்வமான ஜோடியின் முட்டை என்றால் நான் கூட்டு மெஷினில் வைக்க மாட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் கூட்டுக்கு ஆதரவாக ஒரு பெரிய காரணம் இருக்கிறது, அது பொரிப்பு முடிந்த பிறகுதான் தெரியும். வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிகெட் நோய்க்கு முதல் வாரத்தில் போடும் எஃப்1 அல்லது லசோட்டா சொட்டு மருந்து குப்பியில் பெரும்பாலும் நூறு குஞ்சுக்குக் குறையாமல்தான் கிடைக்கும். கலக்கிவிட்டால் ஐஸில் வைத்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியாக இதை வாங்கத் தயங்குவார், தள்ளிப் போடுவார், கடைசியில் போடவே மாட்டார். நாலு வீட்டுக் குஞ்சும் ஒரே சனிக்கிழமை இறங்கியிருந்தால் அடுத்த சனிக்கிழமை ஒரு குப்பி எல்லாருக்கும் ஆகும். பதினாலாம் நாள் கம்போரோ நோய்க்கான மருந்தும், வெள்ளைக் கழிச்சலுக்கே எட்டாம் வாரம் இறக்கையில் போடும் ஆர்2பி ஊசியும் அப்படியே. நாட்டுக்கோழிக் கூட்டத்தை ஒரே வாரத்தில் துடைத்தெடுப்பது வெள்ளைக் கழிச்சல்தான். தடுப்பு மருந்தை முறையாகப் போடவைக்கிற ஏற்பாடு பொரிப்பில் ஐந்து சதவீதம் குறைந்தாலும் எனக்குச் சம்மதம்.

கூலிக்குப் பொரிக்கக் கொடுப்பது எளிது. முட்டைக்கு இவ்வளவு என்றோ, இறங்கிய குஞ்சுக்கு இவ்வளவு என்றோ வாங்குவார்கள். இரண்டாவதே மேல், பொரிப்பில் அவருக்கும் அக்கறை இருக்கும். கூட்டு மெஷினில் சொன்ன நோய்ப் பயம் இங்கே இரட்டிப்பு, ஏனென்றால் யார் யார் முட்டை உள்ளே இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. வருடத்தில் ஒருமுறை இரண்டுமுறை மட்டும் பொரிப்பவருக்கு இது போதும். ஒரு நாள் குஞ்சு வாங்குவதும் அப்படித்தான். வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் இரண்டு நாள் தீனி இல்லாமலே தாங்கும், அதனால் குஞ்சுகளைப் பஸ்ஸில் கொண்டுவரலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, மாவட்டங்களில் இருக்கும் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்கள் போன்ற இடங்களில் விசாரித்து வாங்கினால் இனம் என்ன, எந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று தெரிந்து வாங்கலாம். தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்த சேவல் குஞ்சுகள். குழந்தை அழுகிறது என்று வாங்குவதாக இருந்தால் அது வேறு கணக்கு.

இப்போது முதலில் சொன்ன இரண்டு மாதக் கணக்கு. மெஷினில் முப்பது குஞ்சு இறங்கிய அன்று மாலையே இன்னொரு செலவு தொடங்குகிறது. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு ஒன்றிரண்டு வாட் கணக்கில் பல்பு, தகடு அல்லது அட்டை வளையம், உமித் தரை, எலி புகாத இடம், குஞ்சுத் தீவனம். கார்த்திகை மார்கழியில் பல்பு ஒரு இரவு அணைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து சாகும். மெஷின் வாங்கும் உற்சாகத்தில் இந்தச் செலவை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. தாய்க்கோழிக்கு இதெல்லாம் வேண்டாம், இறக்கைதான் குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடர். பருந்து வட்டமிட்டால் ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் புதருக்குள் போய்விடும். ஆனால் எல்லா முறையும் அப்படி நடப்பதில்லை. காக்கை, கீரி, பூனை, பாம்பு என்று பத்தில் நாலைந்து போவது திறந்த கொல்லையில் சகஜம். முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரக் கூடையிலேயே வைத்துத் தீனி போடுபவருக்கு இந்த இழப்பு வெகுவாகக் குறையும்.

ஆகவே, மூன்று நான்கு பெட்டைகள், வீட்டுத் தேவைக்கு மட்டும் குஞ்சு என்றால் மெஷின் பக்கமே போக வேண்டாம். ஒரு நல்ல அவயக்கோழி, ஒரு பஞ்சாரம் போதும். கடக்நாத் மாதிரி உட்காராத இனம், அல்லது ஒரு பெட்டையிடமிருந்து முடிந்தவரை முட்டை எடுக்க வேண்டும் என்ற தேவை இருந்தால் மெஷின் வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் தெர்மாகோல் பெட்டி, இல்லாவிட்டால் தானியங்கி. ஆறேழு பெட்டையிலிருந்து பதினைந்து வரை இருந்து, அருகில் நம்பிக்கையான இரண்டு மூன்று பேர் இருந்தால் கூட்டு மெஷின். அதுவும் ஒரே நாள் வைப்புக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டால் மட்டும்.

என் சொந்தத் தேர்வு இரண்டும் கலந்தது. முட்டை மெஷினில், வளர்ப்பு கோழியிடம். மெஷினில் முட்டை வைக்கும் வாரத்தில் எந்தப் பெட்டையாவது உட்கார்ந்தால் அதைத் தெளியவைக்காமல் நாலைந்து கூமுட்டையின் மேலேயே உட்காரவிடலாம். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அது உட்கார்ந்திருக்க வேண்டும். மெஷினில் குஞ்சு இறங்கி, தூவி காய்ந்த அன்று இரவு, விளக்கில்லாமல், கூமுட்டைகளை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால் விடியும்போது பெரும்பாலும் தன் குஞ்சென்றே ஏற்றுக்கொள்ளும். பிறந்து இரண்டு நாளுக்கு மேல் ஆன குஞ்சை ஏற்பது கஷ்டம். சில கோழிகள் நிறம் மாறிய குஞ்சைக் கொத்தும், ஆகவே காலையில் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கொத்தினால் அந்தக் குஞ்சை மட்டும் எடுத்துப் பல்புக்கு அடியில் விடலாம். குளிர் காலத்தில் பன்னிரண்டு பதினைந்து, வெயில் நாளில் இருபது வரை ஒரு கோழி மூடும். மற்ற பெட்டைகள் அதற்குள் அடுத்த ஈட்டு முட்டையைத் தொடங்கியிருக்கும்.